சைபர் செக்யூரிட்டியைப் பட்டப்படிப்பாகவே எடுக்கலாமா, சி.எஸ்.இ. (கணினி அறிவியல் பொறியியல்) படித்துவிட்டு அந்தப் பக்கம் போகலாமா?

கோட்டையூர்க்காரர் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். அண்ணன் மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். கணக்கு, இயற்பியல், வேதியியல், கணினி அறிவியல் குரூப். ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளி. கட்-ஆஃப் 168 வருகிறது. சைபர் செக்யூரிட்டிதான் படிப்பேன் என்று உறுதியாக நிற்கிறாள்.

எங்கள் முன்னால் மூன்று வழி இருக்கிறது. ஒன்று, காரைக்குடியிலோ பக்கத்திலோ சாதாரண பி.இ. சி.எஸ்.இ. இரண்டு, மதுரை அல்லது கோவைப் பக்கம் தனியார் கல்லூரியில் சைபர் செக்யூரிட்டி என்றே பெயர் போட்ட பி.இ. ஒரு தரகர் மேனேஜ்மென்ட் சீட்டுக்கு இப்போதே முன்பணம் கட்டச் சொல்கிறார். மூன்று, கலைக் கல்லூரியில் மூன்று வருஷ பி.எஸ்சி. சைபர் செக்யூரிட்டி.

எது சரி? லேப்டாப் எப்படி வாங்குவது? சேருவதற்கு முன்னால் இருக்கும் இரண்டு மாதத்தில் அவள் என்ன படிக்கலாம்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

செக்காலை வாத்தியார் பதில்:

அண்ணே, முதல் வேலையாக அந்த முன்பணத்தை நிறுத்துங்கள். ஆறு முதல் பன்னிரண்டு வரை முழுக்க அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைக்குப் பொறியியலில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. 2021ல் வந்தது. அந்த ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் எல்லாம் அரசு ஏற்கிறது. தனியார் கல்லூரியில் கலந்தாய்வு வழியாகக் கிடைக்கும் இடத்துக்கும் இது பொருந்தும். மேனேஜ்மென்ட் சீட்டுக்குப் பொருந்தாது. அதாவது, கலந்தாய்வில் இலவசமாகக் கிடைக்கக்கூடிய படிப்புக்கு நீங்கள் லட்சக்கணக்கில் கட்டப் பார்க்கிறீர்கள். இதோடு புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கே வரும்.

ஏழு வருஷமும் எந்தப் பள்ளி என்று தலைமையாசிரியர் கையெழுத்தோடு சான்று வேண்டும். பள்ளியின் பெயர், படித்த ஆண்டுகள், பிள்ளையின் இனிஷியல் மூன்றும் இணையப் பதிவிலும் மாற்றுச் சான்றிதழிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். இடையில் பள்ளி மாறியிருந்தால் பழைய பள்ளிக்கும் போக வேண்டியிருக்கும். சான்று சரிபார்ப்பு நாளன்று ஓடினால் கிடைக்காது.

இனி படிப்புக்கு வருகிறேன். பட்டத்தின் பெயரை விட, உள்ளே என்ன பாடம் இருக்கிறது என்பதுதான் முக்கியம். கல்லூரி இணையதளத்தில் எட்டு செமஸ்டர் பாடத்திட்டத்தையும் இறக்கி, இந்த ஆறும் இருக்கிறதா என்று பாருங்கள்: டேட்டா ஸ்ட்ரக்சர், கணினிக் கட்டமைப்பு, ஆபரேட்டிங் சிஸ்டம், நெட்வொர்க், டேட்டாபேஸ், டிஸ்கிரீட் மேத்ஸ். இவற்றில் இரண்டைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் "எத்திகல் ஹேக்கிங் 1", "எத்திகல் ஹேக்கிங் 2" என்று போட்டிருந்தால் அந்த இடம் வேண்டாம்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், பஃபர் ஓவர்ஃப்ளோ என்றால் என்ன என்று இரண்டு மார்க் கேள்விக்கு யாரும் எழுதிவிடலாம். ஆனால் சி மொழியில் ஒரு ஃபங்ஷன் ஓடும்போது, முடிந்ததும் எந்த முகவரிக்குத் திரும்ப வேண்டும் என்பதும் அந்த ஃபங்ஷனுக்குள் அறிவித்த அரேயும் (தரவு வரிசை) ஸ்டாக் என்ற நினைவகப் பகுதியில் அருகருகே உட்கார்ந்திருக்கின்றன. 16 எழுத்துக்கு ஒதுக்கிய அரேயில் 40 எழுத்தை ஊற்றினால் வழிந்துபோய்த் திரும்பும் முகவரியின் மேல் ஏறுகிறது. அந்த இடத்தில் தாக்குபவர் தன் முகவரியை வைக்கிறார். இந்தப் படம் மனசில் வர சி-யும் கணினிக் கட்டமைப்பும் ஆபரேட்டிங் சிஸ்டமும் வேண்டும். பாதுகாப்பு என்பது ஒரு பொருள் எப்படி ஓடுகிறது என்று தெரிந்த பிறகு, அது எங்கே உடையும் என்று பார்ப்பது. முதல் பாதி தெரியாதவருக்கு இரண்டாம் பாதி கிடையாது.

அதனால் என் வரிசை இது. நல்ல கல்லூரியில் சி.எஸ்.இ. கிடைத்தால் அது முதலில். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் சி.எஸ்.இ. மாணவருக்கே சைபர் பாதுகாப்பும் தரவுத் தனியுரிமையும் என்று ஒரு தனி விருப்பப் பாடத் தொகுப்பு உண்டு. இந்த ஆண்டு சேருபவர்களுக்கு எந்த ஒழுங்குமுறை (எந்த ஆண்டுப் பாடத்திட்டம்), அதில் இதே தொகுப்பு இருக்கிறதா, அந்தப் பாடங்களை நடத்த ஆள் இருக்கிறதா என்று கல்லூரியில் கேளுங்கள். ஏட்டில் இருந்தும் நடத்த ஆசிரியர் இல்லாவிட்டால் மாணவருக்குக் கிடைக்காது.

சைபர் செக்யூரிட்டி என்று பெயர் போட்ட பி.இ. இரண்டாவது. மேலே சொன்ன ஆறு பாடமும் இருந்தால் தாராளமாகச் சேரலாம். ஒன்று மட்டும் கவனியுங்கள்: பட்டச் சான்றிதழில் "கணினி அறிவியல் பொறியியல்" என்ற சொல் இருக்க வேண்டும். அரசு வேலை அறிவிப்புகளில் கல்வித் தகுதி அந்தப் பெயரில்தான் கேட்கப்படும். பெயர் வேறாக இருந்தால், இதுவும் அதற்குச் சமமான பட்டம்தான் என்ற இணைத்தகுதிச் சான்றுக்கு அலைய வேண்டி வரும்.

பி.எஸ்சி. தாழ்ந்த படிப்பு இல்லை. கணக்கு எடுக்காத பிள்ளைகளுக்கு அது நல்ல வழி. ஆனால் அதற்குப் பிறகு எம்.எஸ்சி. அல்லது எம்.சி.ஏ. இரண்டு வருஷம் படிக்கத்தான் வேண்டும் என்று கணக்கில் வைத்துக்கொண்டு சேருங்கள். 168 கட்-ஆஃபும் 7.5 ஒதுக்கீடும் உள்ள பிள்ளை அதற்குப் போகத் தேவையில்லை.

பள்ளத்தூர் ஆச்சி பதில்:

வாத்தியார் சொன்னதோடு, படித்து முடித்தால் வேலை எப்படி இருக்கும் என்று நான் சொல்கிறேன். பிள்ளைகள் மனசில் இருப்பது ஊடுருவும் வேலை. முதல் வேலையாகப் பெரும்பாலும் கிடைப்பது கண்காணிப்பு மையத்தில், அதாவது சாக்கில், முதல் நிலை அனலிஸ்ட். இருபத்து நாலு மணி நேரமும் ஓடும் இடம், ஷிஃப்ட் மாறி மாறி வரும். திரையில் எச்சரிக்கை விழும். அது பொய்யா மெய்யா என்று சில நிமிஷத்தில் பிரித்து, மெய்யானால் அடுத்த நிலைக்கு அனுப்ப வேண்டும்.

ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். விண்டோஸில் லாகின் தோற்றால் 4625 என்ற எண்ணில் ஒரு பதிவு விழும், ஜெயித்தால் 4624. இப்போது ஒரே சர்வரில் 4625 அறுபது விழுந்திருக்கிறது. அறுபதும் ஒரே பயனர் பெயரா, அறுபது வெவ்வேறு பெயரா என்று முதலில் பார்க்க வேண்டும். ஒரே பெயர் என்றால் ஒருவருடைய கடவுச்சொல்லை ஊகிக்கிறார்கள். பெயருக்கு ஒன்று என்று ஒரே ஐ.பி.யிலிருந்து (இணைய முகவரியிலிருந்து) வந்தால் எல்லாரும் வைத்திருக்கக்கூடிய ஒரு எளிய கடவுச்சொல்லை ஒவ்வொரு பெயரிலும் போட்டுப் பார்க்கிறார்கள். பதிவின் துணைக் குறியீடு 64 என்று முடிந்தால் அப்படி ஒரு பயனரே இல்லை. 6ஏ என்று முடிந்தால் பெயர் சரி, கடவுச்சொல்தான் தவறு. இரண்டாவது அதிகமாக இருந்தால் பெயர்ப் பட்டியல் அவர்கள் கையில் இருக்கிறது என்று அர்த்தம்.

அடுத்தது நேரம். சரியாக ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை, ஒரே பெயர், லாகின் வகை 5 என்றால் அது பெரும்பாலும் சர்வீஸ் அக்கவுண்ட், அதாவது ஆள் இல்லாமல் ஒரு மென்பொருள் தானே பயன்படுத்தும் கணக்கு. யாரோ கடவுச்சொல்லை மாற்றிவிட்டு அந்த சர்வீஸில் மாற்ற மறந்திருப்பார்கள். வகை 10 என்றால் ரிமோட் டெஸ்க்டாப் வழியாக வந்தது. அறுபது தோல்விக்குப் பின்னால் அதே ஐ.பி.யிலிருந்து ஒரு 4624 விழுந்திருந்தால் தாமதிக்கக் கூடாது, உடனே மேலே அனுப்ப வேண்டும். இதை நிதானமாகப் பிரிக்கத் தெரிந்த பிள்ளைக்கு நேர்முகத் தேர்வில் வேறு எதுவும் பெரிதாகத் தேவைப்படாது.

இதற்கு அடித்தளம் நெட்வொர்க். இரண்டாம் வருஷம் முழுக்க அதற்கே கொடுக்கலாம். நெட்வொர்க்கைத் திரையிலேயே கட்டிப் பார்க்கும் சிஸ்கோவின் பாக்கெட் ட்ரேசர் இலவசம். அதில் இரண்டு ஸ்விட்ச், ஒரு ரவுட்டர், மூன்று வி-லான் (ஒரே ஸ்விட்சுக்குள் பிரித்த தனித்தனி நெட்வொர்க்) போட்டுக் கட்டிப் பார்க்கட்டும். நம் வீட்டு அமைப்பையே நினைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். முகப்புத் திண்ணையில் யாரும் வந்து உட்காரலாம். வளவுக்குள் உறவுக்காரர்கள் வருவார்கள். இரண்டாம் கட்டுக்கு வீட்டு ஆட்கள் மட்டும். பெட்டகச் சாவி ஒருவர் இடுப்பில்தான். வெப்சைட் ஓடும் சர்வர் திண்ணையில் இருக்க வேண்டும், சம்பளக் கணக்கு ஓடும் சர்வர் பெட்டக அறையில். திண்ணையில் இருப்பவன் நேராகப் பெட்டகத்துக்கு நடக்க முடிகிற மாதிரி கட்டியிருந்தால் அந்த நெட்வொர்க் தவறு. பல பெரிய ஊடுருவல்கள் இப்படித்தான் பரவுகின்றன, உள்ளே நுழைந்த பிறகு தடுக்க ஒரு கதவுகூட இருப்பதில்லை.

சப்நெட் கணக்கை, அதாவது ஒரு நெட்வொர்க்கைச் சிறு பகுதிகளாகப் பிரிக்கும் கணக்கை, தாளில் போடப் பழகட்டும். /26 என்றால் 64 முகவரி, முதலும் கடைசியும் போக 62 கருவிக்குக் கொடுக்கலாம். இதை விரல் விட்டு எண்ணாமல் சொல்ல வர வேண்டும்.

சான்றிதழ் விஷயத்தில் அவசரம் வேண்டாம். நாலாம் வருஷத் தொடக்கத்தில் சிஸ்கோவின் நெட்வொர்க் சான்றிதழான சி.சி.என்.ஏ. அல்லது பாதுகாப்பு அடிப்படைக்கான காம்ப்டியா செக்யூரிட்டி பிளஸ், இரண்டில் ஒன்று போதும். செக்யூரிட்டி பிளஸ் 90 நிமிஷம், அதிகபட்சம் 90 கேள்வி, 900க்கு 750 எடுத்தால் தேர்ச்சி. ஓ.எஸ்.சி.பி. என்பது ஊடுருவல் சோதனைக்கான சான்றிதழ், 23 மணி 45 நிமிஷம் உட்கார்ந்து செய்முறையாக எழுதும் தேர்வு, அதற்குப் பிறகு 24 மணி நேரத்துக்குள் அறிக்கை தர வேண்டும். ஊடுருவல் சோதனைதான் செய்வேன் என்று உறுதியாக இருந்தால், அதுவும் வேலைக்குப் போன பிறகு, எழுதலாம். முதல் வருஷத்தில் "ஆறு மாதத்தில் ஹேக்கர், வேலை உறுதி" என்று பணம் கேட்கும் பயிற்சி நிலையங்களுக்குப் போக வேண்டாம்.

புதுவயல் தம்பி பதில்:

லேப்டாப்பும் லேபும் நான் சொல்கிறேன்.

ரேம் 16 ஜி.பி. வேண்டும். பட்ஜெட் இடிக்கிறது என்றால் 8 ஜி.பி. வாங்குங்கள், ஆனால் இன்னொரு ரேம் போட ஸ்லாட் காலியாக இருக்கிறதா என்று கடைக்காரரிடம் மாடல் எண்ணைக் காட்டிக் கேட்டுவிட்டு வாங்குங்கள். பல மெல்லிய மாடல்களில் ரேம் போர்டிலேயே ஒட்டியிருக்கும், கூட்டவே முடியாது. 512 ஜி.பி. எஸ்.எஸ்.டி., ஐ5 அல்லது ரைசன் 5. கேமிங் கிராஃபிக்ஸ் கார்டுக்குக் காசு கொடுக்க வேண்டாம். ஆப்பிள் சிப் உள்ள மேக்கும் இந்தப் படிப்பின் தொடக்கத்துக்கு வேண்டாம். பழைய பயிற்சி மெஷின்கள் எல்லாம் இன்டெல் வகைக்காகச் செய்தவை, அதில் ஓட்டுவது பெரும்பாடு.

காலி லினக்ஸ் (Kali, பாதுகாப்புச் சோதனைக் கருவிகள் நிறைந்த லினக்ஸ்) என்பதை லேப்டாப்பின் முதன்மை சிஸ்டமாகப் போடக் கூடாது. விண்டோஸ் இருக்கட்டும். அதற்குள் விர்ச்சுவல்பாக்ஸ் (கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் மென்பொருள்), அதற்குள் இரண்டு மெஷின்: காலிக்கு 2 ஜி.பி. ரேம், மெட்டாஸ்பிளாய்டபிள் 2-க்கு 512 எம்.பி. போதும். இரண்டாவது, ஓட்டைகளோடு வேண்டுமென்றே செய்த பயிற்சி மெஷின்.

இதில் வழக்கமாகத் தகராறு வரும் இடங்கள் உண்டு. மெஷின் தொடங்கவே மறுத்தால் பெரும்பாலும் பயாஸில் (லேப்டாப் ஆன் ஆகும்போது வரும் அடிப்படை அமைப்பு) விர்ச்சுவலைசேஷன் அணைந்திருக்கிறது, போய் ஆன் செய்ய வேண்டும். தொடங்குகிறது ஆனால் ஆமை வேகம், கீழே பட்டையில் பச்சை ஆமைப் படமே தெரிகிறது என்றால் விண்டோஸின் சொந்த விர்ச்சுவல் மெஷின் வசதியான ஹைப்பர்-வி குறுக்கே நிற்கிறது. விண்டோஸ் வசதிகள் பட்டியலில் அதை அணைத்து மறுபடி தொடங்க வேண்டும். அப்படியும் ஆமை போகாவிட்டால் விண்டோஸ் செக்யூரிட்டியில் மெமரி இன்டெக்ரிட்டி ஆனில் இருக்கும்.

எல்லாவற்றையும் விட முக்கியம் நெட்வொர்க் வகை. பல தேர்வு இருக்கும், அதில் மூன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். நாட் என்றால் மெஷின் இணையத்துக்குப் போகும், வெளியிலிருந்து யாரும் உள்ளே வர முடியாது. பிரிட்ஜ்டு என்றால் அது விடுதியின் வை-ஃபையில் தனிக் கருவியாகவே போய் உட்கார்ந்துவிடும். ஹோஸ்ட்-ஒன்லி என்றால் உங்கள் லேப்டாப்புக்குள்ளேயே அடைந்து கிடக்கும். மெட்டாஸ்பிளாய்டபிளை எப்போதும் ஹோஸ்ட்-ஒன்லியில் மட்டும் வையுங்கள். பிரிட்ஜ்டில் வைத்தால் ஓட்டை மெஷினை விடுதி முழுக்கத் திறந்துவிட்ட மாதிரி. அதற்குள் நுழைந்த எவரும் அங்கிருந்து மற்றவர்களைத் தாக்கலாம், தேடி வருபவர்கள் உங்கள் லேப்டாப்பில்தான் வந்து நிற்பார்கள்.

ஹோஸ்ட்-ஒன்லியில் பொதுவாக 192.168.56 என்று தொடங்கும் முகவரி வரும், மெஷின்களுக்கு 101லிருந்து கிடைக்கும். இரண்டுக்கும் அதே வரிசையில் முகவரி வந்திருக்கிறதா, ஒன்றிலிருந்து ஒன்றுக்கு பிங் போகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் எந்த போர்ட் (சேவைக்கான எண்ணிட்ட வாசல்) திறந்திருக்கிறது என்று தேடும் என்மேப் ஓட்ட வேண்டும். பிங் போகாமலே ஸ்கேன் ஓட்டிவிட்டு ஒன்றும் கிடைக்கவில்லை என்று பலர் இரண்டு நாள் முட்டிக்கொள்கிறார்கள்.

முதல் பயிற்சியாக 21ஆம் போர்ட்டில் ஓடும் வி.எஸ்.எஃப்.டி.பி.டி. 2.3.4 என்ற கோப்புப் பரிமாற்ற மென்பொருளைப் பார்க்கட்டும். 2011 ஜூலையில், அந்த மென்பொருளின் தரவிறக்கக் கோப்பிலேயே யாரோ பின்கதவு வைத்துவிட்டது தெரியவந்தது. பயனர் பெயரின் கடைசியில் முக்காற்புள்ளியும் மூடும் அடைப்பும் சேர்ந்த சிரிப்புக்குறியைப் போட்டால் 6200ஆம் போர்ட் திறக்கும், அதில் முழு அதிகாரத்தோடு உள்ளே போகலாம். மெட்டாஸ்பிளாய்ட் என்ற ஆயத்தத் தாக்குதல் கருவியில் ஒரு கட்டளையில் செய்துவிட்டு நகரக் கூடாது. ஒரு தடவை கையால் இணைத்துச் செய்து, பக்கத்தில் நெட்வொர்க் போக்குவரத்தைக் காட்டும் வயர்ஷார்க்கை ஓடவிட்டு, எந்த பாக்கெட் எப்போது போனது என்று பார்க்க வேண்டும். பிறகு அதே தாக்குதலைத் தடுக்க ஃபயர்வாலில் என்ன விதி எழுதுவது என்றும் எழுதிப் பார்க்க வேண்டும். அந்தக் கடைசிப் படியைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள்.

இந்த இரண்டு மாதத்துக்கு இதெல்லாம் வேண்டாம். ஓவர்-தி-வயர் தளத்தில் பேண்டிட் என்ற விளையாட்டு இருக்கிறது, இலவசம். எஸ்.எஸ்.எச். (தூரத்துக் கணினிக்குள் பாதுகாப்பாக நுழையும் வழி) வழியாக 2220 போர்ட்டில் இணைத்தால் லினக்ஸ் கட்டளைகளை ஒவ்வொரு படியாகத் தானே கற்றுக்கொள்ள வைக்கும். ஒரு நாளைக்கு ஒரு படி போதும். விடையை யூடியூபில் பார்த்து எழுதினால் பயனே இல்லை. ஒவ்வொரு படிக்கும் என்ன முயன்றாள், ஏன் தோற்றது என்று நோட்டில் எழுதச் சொல்லுங்கள். கூடவே பைதானில் ஒரு லாக் கோப்பை (கணினி நடப்பை எழுதிவைக்கும் பதிவு) திறந்து, எந்த ஐ.பி. எத்தனை தடவை வந்தது என்று எண்ணும் இருபது வரி நிரல் எழுதத் தெரிந்தால் முதல் செமஸ்டருக்கு அவள் தயார்.

கோட்டையூர்க்காரர்:

மூவருக்கும் ரொம்ப நன்றி. தரகருக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். இரண்டு சந்தேகம். பயிற்சிக்காக வீட்டு வை-ஃபை, தெரிந்தவர் கடை வெப்சைட் இவற்றைச் சோதித்துப் பார்க்கலாமா? பொம்பளைப் பிள்ளைக்கு ராத்திரி ஷிஃப்ட்தான் என்றால் வீட்டில் யோசிக்கிறார்கள், வேறு வேலை உண்டா?

தேவகோட்டை வக்கீல் பதில்:

முதல் கேள்விக்கு. சொந்த ரவுட்டர், சொந்த மெஷின் என்றால் தாராளமாகச் செய்யலாம். தெரிந்தவர் கடை என்றால் எழுத்தில் அனுமதி இல்லாமல் தொடக் கூடாது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 43, உரிமையாளரின் அனுமதியில்லாமல் கணினிக்குள் நுழைவது, தரவை எடுப்பது, இயங்கவிடாமல் செய்வது எல்லாவற்றுக்கும் இழப்பீடு கேட்க வழி செய்கிறது. "படிக்கத்தான் செய்தேன்" என்பது அங்கே பதில் ஆகாது. அதையே நேர்மையற்ற நோக்கத்தோடு செய்தால் பிரிவு 66, மூன்று வருஷம் வரை சிறை அல்லது ஐந்து லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டும். அடுத்தவர் கடவுச்சொல்லை மோசடியாகப் பயன்படுத்தினால் 66சி தனியாக வரும். முதல் தகவல் அறிக்கையில் பெயர் ஏறினாலே பாஸ்போர்ட்டிலும் வேலைக்கு முன்னான பின்னணிச் சோதனையிலும் சிக்கல் வரலாம்.

அனுமதிக் கடிதத்தில் நான்கு விஷயம் இருக்க வேண்டும்: எந்த முகவரி அல்லது தளம், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எது செய்யலாம் எது செய்யக் கூடாது, கிடைத்த தகவலை என்ன செய்வது. இன்னொரு விஷயத்தைப் பலர் மறக்கிறார்கள். கடைக்காரர் தளம் வேறு நிறுவனத்தின் சர்வரில் ஓடும். கடைக்காரர் சம்மதித்தாலும் சர்வர்காரரின் நிபந்தனை அதைத் தடுக்கலாம். வெப் பயிற்சிக்கு போர்ட்ஸ்விக்கர் அகாடமி இலவசமாகத் தரும் லேப்களே போதும், யார் அனுமதியும் வேண்டியதில்லை.

இரண்டாவது கேள்விக்கும் சட்டத்தில் ஒரு பதில் இருக்கிறது. மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அவசரக் குழுவான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28ல் போட்ட உத்தரவின்படி பாதுகாப்புச் சம்பவத்தை ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், லாக் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். 2023ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், போதிய பாதுகாப்பு வைக்காமல் விட்டால் 250 கோடி வரை அபராதம் போடலாம். இதையெல்லாம் நிறுவனம் கடைப்பிடிக்கிறதா என்று தணிக்கை செய்ய, ஆவணம் எழுத, இடர் மதிப்பிட ஆள் வேண்டும். அது பெரும்பாலும் பகல் வேலை. கணக்கும் பேரேடும் பழகிய நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நன்றாகவே வரும்.

பள்ளத்தூர் ஆச்சி:

வக்கீல் சொன்னது சரி. ஆனால் ஒன்று, தணிக்கைப் பக்கம் போனாலும் லாக் படிக்கத் தெரியாமல் போகக் கூடாது. 180 நாள் பதிவு இருக்கிறது என்று எழுதிக் கொடுப்பார்கள். திறந்து பார்த்தால் இரண்டு சர்வரின் கடிகாரமும் ஐந்தரை மணி நேரம் வித்தியாசமாக இருக்கும், ஒன்று நம் நேரத்தில், இன்னொன்று உலக நேரத்தில். இரண்டு பதிவையும் சேர்த்துப் படிக்கவே முடியாது. அதைக் கண்டுபிடிப்பவர்தான் நல்ல தணிக்கையாளர். பயனர் அணுகல் நிர்வாகம், அதாவது யாருக்கு எந்த அனுமதி என்று பார்க்கும் வேலையும் உண்டு. அதில் ராத்திரி ஷிஃப்ட் குறைவு.

செக்காலை வாத்தியார்:

கலந்தாய்வு பற்றி மட்டும் கடைசியாக. கட்-ஆஃப் 200க்கு. கணக்கு நூறு, இயற்பியலும் வேதியியலும் ஐம்பது ஐம்பது. கணினி அறிவியல் மார்க் இதில் சேராது, 168 சரிதானா என்று ஒரு தடவை போட்டுப் பாருங்கள். விருப்பப் பட்டியலில் சி.எஸ்.இ.க்கு ஒரு குறியீடு, சைபர் செக்யூரிட்டி சேர்ந்த சி.எஸ்.இ.க்கு வேறு குறியீடு, கல்லூரி ஒன்றே என்றாலும். பெயரைப் பார்த்து அல்ல, குறியீட்டைப் பார்த்துப் பதியுங்கள். உண்மையாக வேண்டிய வரிசையிலேயே போடுங்கள். கிடைக்காது என்று நினைத்து நல்ல கல்லூரியைக் கீழே போட்டால், மேலே உள்ளதுதான் ஒதுக்கப்படும்.

ஒதுக்கீடு வந்ததும் "ஏற்று, மேல் விருப்பத்துக்குக் காத்திருக்கிறேன்" என்பதைத் தேர்ந்தால், மேல் விருப்பம் கிடைத்த நிமிஷமே முதல் இடம் போய்விடும், திரும்பக் கேட்க முடியாது. அதனால் இப்போது கையில் இருப்பதை விட உண்மையிலேயே பிடித்த இடங்கள் மட்டும் அதற்கு மேலே இருக்க வேண்டும். பட்டியலைப் பூட்டுவதற்கு முன்னால் பிள்ளையும் நீங்களும் தாளில் ஒரு தடவை எழுதி, குறியீட்டை ஒருவர் வாசிக்க ஒருவர் டிக் அடித்துச் சரிபாருங்கள்.